மறியலிலிருந்து மேடைக்கு: 'வீ ஷல் ஓவர்கம்' பாட்டில் கைவைத்தவர்கள் செய்தது என்ன?

போராட்டப் பாட்டைப் பரவலாகக் கொண்டுபோக வேண்டும் என்றதும் இசைக்கலைஞர்களுக்கு முதலில் தோன்றுவது ஒலிப்பதிவு, வாத்தியச் சேர்க்கை, பிரபலமான குரல். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் ஒலித்த 'வீ ஷல் ஓவர்கம்' ('நாம் வெல்வோம்') அந்த வழியில் பரவவில்லை. 1945-க்கும் 1963-க்கும் இடையில் பலர் அதன் சொல்லை, தாளத்தை, கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டை), பாடும் முறையை மாற்றினார்கள். நிலைத்த மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. முன்பின் கேட்டிராதவர் இரண்டாவது வரியிலேயே சேர்ந்துகொள்ள எது உதவியதோ அது தங்கியது. பாடுபவரின் திறமையை மட்டும் காட்டியது உதிர்ந்தது. அந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக இங்கே எடுத்துப் பார்க்கிறோம். பாட்டை உண்டாக்கியவர்களின் பெயர் எங்கே விடுபட்டது, பணம் எங்கே போனது என்பதும் இந்தக் கதையில் சேரும்.

கைக்கு வந்தபோது பாட்டு எப்படி இருந்தது

வேர் ஒன்றல்ல. பிலடெல்பியாவில் மெதடிஸ்ட் போதகராக இருந்த சார்லஸ் ஆல்பர்ட் டிண்ட்லி 1901 வாக்கில் வெளியிட்ட 'ஐல் ஓவர்கம் சம் டே' என்ற துதிப்பாடல் சொற்களுக்கு ஓர் ஊற்று. மெட்டு அதனுடையதல்ல. அது கறுப்பினத் தேவாலயங்களில் வழங்கிய 'ஐல் பி ஆல் ரைட்' பாட்டுக்கு நெருக்கமானது. 1909 பிப்ரவரியில் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கடிதம், முந்தைய ஆண்டு வேலைநிறுத்தக் கூட்டங்களை ஜெபத்தோடும் 'வீ வில் ஓவர்கம்' என்ற பழைய நல்ல பாட்டோடும் தொடங்கியதாகச் சொல்கிறது. அன்றைக்கே அது 'பழைய' பாட்டு.

இன்று நாம் அறிந்த வடிவத்தின் தொடர்ச்சியான கதை தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் தொடங்குகிறது. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலையில் 1945 அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கி அடுத்த ஆண்டு வசந்தகாலம் வரை நீடித்தது. மறியலில் நின்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். ஒவ்வொரு நாள் மறியலும் முடியும்போது லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி இந்தப் பாட்டை எடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தேவாலயத்தில் 'நான்' என்றிருந்தது மறியலில் 'நாம்' ஆயிற்று. சங்கம் கட்டுவோம், உரிமையை வெல்வோம் என்ற மாதிரி வரிகள் உள்ளே வந்தன.

சிம்மன்ஸ் பாடிய முறை மிக மெதுவானது. ஒவ்வோர் ஒலியையும் இழுத்து, தாளம் எண்ணாமல், ஒருவர் மூச்சை மற்றவர் பார்த்துச் செல்லும் தேவாலயப் பாணி. ஒன்றாகவே வேலை செய்து, ஒரே மாதிரித் தேவாலயங்களில் வளர்ந்த முப்பது நாற்பது பேருக்கு அது இயல்பாக வரும். அந்நியர்களுக்கு வராது. பின்னால் நடந்த மாற்றங்களில் பாதி இந்த ஒரு சிக்கலைத் தீர்க்கச் செய்யப்பட்டவை என்றே சொல்லலாம்.

பட்டறை

டென்னசி மாநிலத்தின் மான்டீகிளில் 1932-இல் தொடங்கிய ஹைலேண்டர் நாட்டார் பள்ளி, தொழிற்சங்கத்தினருக்குப் பயிற்சி தந்த இடம். அதன் இசைப் பொறுப்பாளர் ஜில்ஃபியா ஹார்ட்டன். வந்து தங்கும் தொழிலாளர்களிடம் அவர்கள் ஊர்ப் பாட்டைக் கேட்டு எழுதிக்கொள்வதும், அதை அடுத்து வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. 1946-இல் சார்ல்ஸ்டனிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களிடம் இந்தப் பாட்டைக் கற்றார். அக்கார்டியனை வைத்துக்கொண்டு, மெதுவாகவே பாடினார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் நாட்டார் பாடகர் பீட் சீகர் அவரிடம் கற்றார். 1948 செப்டம்பரில் 'பீப்பிள்ஸ் சாங்ஸ்' என்ற சிற்றிதழில் 'வீ வில் ஓவர்கம்' என்ற தலைப்பில் அது அச்சாயிற்று. அந்த இதழின் பக்கம் எழுபது ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் வேலை செய்யப்போகிறது.

சீகர் செய்த முதல் காரியம், நிலையான தாளம். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை விடாமல் தட்டிக்கொண்டே நடுத்தரத்துக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் பாடினார். இதனால் அந்நியர்களும் ஒன்றாக எடுக்க முடிந்தது. ஆனால் இரண்டிரண்டாக விழும் பாஞ்சோ அடி பாட்டை நடக்கவைத்துவிடுகிறது. நின்று பாட வேண்டிய பாட்டு அது. இந்தக் குறை பிறகு வேறு கைகளில் சரியாயிற்று.

இரண்டாவது மாற்றம் 'வில்' என்பது 'ஷல்' ஆனது. இதைச் செய்தவர் சீகர் என்பார்கள். ஹைலேண்டரில் பாடம் நடத்திய செப்டிமா கிளார்க்கும் 'ஷல்' என்றே பாட விரும்பியவர் என்று சீகரே சொல்லியிருக்கிறார். காரணம் இலக்கணமல்ல, வாய். 'வில்' என்பதில் உள்ள இகரம் பல்லுக்குப் பின்னால் ஒடுங்கும். கூட்டமாகப் பாடினால் மெலிந்து கேட்கும். 'ஷல்' வாயை அகலத் திறக்கவைக்கும். மூச்சு வெளியே வரும், ஒலி கூடும். பயிற்சி இல்லாத இருநூறு பேர் பாடும்போது இந்த வித்தியாசத்தைக் காது உடனே பிடித்துக்கொள்ளும். கூட்டப் பாட்டுக்குச் சொல் தேர்பவர்கள் நீட்டி நிற்கும் சுரங்களில் ஆ, ஓ, ஏ வைக்கப் பழகுவது நல்லது. இ, உ வந்தால் ஒலி குறைந்துவிடும்.

மெட்டின் உடல்

முதல் வரியை நம் சுரத்தில் எழுதினால் இவ்வளவுதான்: ப ப த த | ப ம க. சங்கராபரணத்தின் சுரங்கள், கமகம் இல்லாமல். இரண்டாம் வரி அதே. மூன்றாம் வரி மேல் ஸட்ஜம் பக்கம் ஏறும். அதன்பின் இறங்கி ஆதார ஸட்ஜத்தில் முடியும். மொத்தத்தில் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி. புதிதாக வருபவர் முதல் வரியைக் கேட்பார், இரண்டாவதில் மெல்லச் சேர்வார், உச்சம் வரும் மூன்றாவதில் முழுக் குரலில் இருப்பார். உச்சத்தை முதல் வரியிலேயே வைத்திருந்தால் இது நடக்காது.

சுருதி தேர்வில்தான் மேடைக் கலைஞர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். தங்கள் குரலுக்கு எடுப்பான ஒரு கட்டையில் தொடங்கினால் உச்சம் கூட்டத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பயிற்சி இல்லாத பெண்கள் அங்கே நிறுத்திவிடுவார்கள், ஆண்கள் கீழே இறங்கி முனகுவார்கள். அதற்குக் கீழே அமையும் ஐந்து கட்டையும் ஆறு கட்டையும் கூட்டத்துக்குச் சரியான இடம். மேடையில் நிற்பவருக்கு அது மந்தமாகத் தோன்றும். அவர் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கடைசிச் சரணத்தில் அரைக் கட்டை ஏற்றுவது சினிமா, பாப் ஏற்பாட்டில் வழக்கம். இங்கே அதைச் செய்தால் கூட்டத்தில் பாதிப் பேர் பழைய சுருதியிலேயே தொடர்வார்கள், இரண்டும் உரசும்.

கர்நாடக இசைப் பயிற்சி உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அந்த மத்யமத்தை அசைத்துவிடுவார்கள். கை தானாக அங்கே போகும். அசைத்தால் பாடகர் தனித்துத் தெரிவார், கூட்டம் நின்றுவிடும். மத்யமம் இங்கே ஒரு படிக்கட்டு மட்டுமே, காலை வைத்து இறங்கிவிட வேண்டும்.

கார்ட் விஷயத்தில் கலிபோர்னியாவில் இருந்த நாட்டார் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஹாமில்டனின் கை உண்டு. முதல் இரண்டு வரிகளுக்கு ஸட்ஜ கார்டும் மத்யம கார்டும் போதும். மூன்றாம் வரியின் முடிவில் ரிஷபத்தின் மேஜர் கார்ட் வழியாகப் பஞ்சமத்துக்குப் போகும்போது ஒரு திறப்பு உண்டாகிறது. அந்த ஒரு கார்டை விட்டுவிட்டால் பாட்டு தட்டையாகிவிடும். அதற்கு மேல் சேர்த்தால் காது குழம்பும்.

பல குரலில் பாட விரும்புகிறவர்கள் முதல் வரியை இப்படிப் பிரிக்கலாம். மெட்டு ப ப த த ப ம க. அதற்குக் கீழே இரண்டாம் குரல் க க ம ம க ரி ஸ. அடிக்குரல் ஸ ஸ ம ம ஸ. மேலே ஒருவர் மேல் ஸட்ஜத்தை வரி முழுவதும் பிடித்து நிற்கலாம். இரண்டு கார்டிலும் அந்தச் சுரம் இருப்பதால் எங்கும் இடறாது. ஒத்திகை இல்லாத கூட்டத்துக்கு அடிக்குரலையும் இந்த மேல் ஸட்ஜத்தையும் மட்டும் சொல்லிக்கொடுத்தாலே போதும், மற்றதைக் காது கண்டுபிடித்துக்கொள்ளும்.

இருட்டில் பிறந்த சரணம்

1957 செப்டம்பரில் ஹைலேண்டரின் வெள்ளிவிழாவில் சீகர் இதைப் பாடியபோது கேட்டவர்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். காரில் திரும்பும்போது, அந்தப் பாட்டு மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

அதைவிட முக்கியமான நிகழ்வு 1959 ஜூலை 31 இரவு. மான்ட்கோமரியிலிருந்து வந்திருந்த ஜமிலா ஜோன்ஸுக்கு அப்போது வயது பதினான்கு. ஹைலேண்டரில் இருட்டில் எல்லோரும் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது போலீஸ் உள்ளே நுழைந்து சோதனையிட்டது. இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் பாட ஆரம்பித்தார்கள். 'வீ ஆர் நாட் அஃப்ரெய்ட்' (நாங்கள் அஞ்சவில்லை) என்று அந்தச் சிறுமி எடுத்த வரி அங்கேயே ஒரு சரணமாயிற்று. பாடித்தான் ஆகவேண்டுமென்றால் இவ்வளவு சத்தமாகவா பாடவேண்டும் என்று ஒரு போலீஸ்காரர் நடுங்கிக்கொண்டே கேட்டதை ஜோன்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்தச் சரணத்தைப் பாடலாசிரியர் கண்ணோடு பார்க்க வேண்டும். மற்ற வரிகள் 'ஒருநாள்' என்று எதிர்காலத்தில் நிற்கின்றன. இதில் 'ஒருநாள்' இருந்த இடத்துக்கு 'இன்று' வருகிறது. மெட்டில் எந்த மாற்றமும் இல்லை, இரண்டு ஒலிக்கு இரண்டு ஒலி. ஆனால் பாட்டின் காலம் மாறிவிட்டது. பயிற்சி பெற்ற எந்த இசைக்கலைஞரும் செய்ததைவிடப் பெரிய திருத்தம் இது.

சரணங்கள் எல்லாம் ஒரே அளவுச் சட்டத்தில் அமைந்தவை. அசைகளை எண்ணிப் பாருங்கள். இங்கே அசை என்பது ஒரு வீச்சில் உச்சரிக்கும் ஒலித்துண்டு. யாப்பின் நேரசை நிரையசை அல்ல. வீ-ஷல்-ஓ-வர்-கம், ஐந்து. வீ-ஆர்-நாட்-அஃ-ப்ரெய்ட், ஐந்து. வீல்-வாக்-ஹேண்ட்-இன்-ஹேண்ட், ஐந்து. சில சரணங்கள் ஆறு வரை போகின்றன: பிளாக்-அண்ட்-வைட்-டு-கெ-தர். ஏழு அசையைத் திணித்தால் த த என்ற இடத்தில் சொல் முட்டும். கூட்டம் இரண்டாகப் பிரியும்.

இதனால்தான் 'முன்சொல்லிப் பாடுதல்' இங்கே வேலை செய்கிறது. சரணத்தின் கடைசிச் சொல் நீண்டு நிற்கும்போது தலைவர் அடுத்த சரணத்தின் ஐந்து அசையை மட்டும் உரக்கச் சொல்வார். கூட்டத்துக்குப் புதிதாகத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். அதையே மூன்று முறை பாடிவிட்டு, ஏற்கெனவே தெரிந்த 'டீப் இன் மை ஹார்ட்' வரிக்கும் முத்தாய்ப்புக்கும் போய்விடலாம். தாளும் தேவையில்லை, ஒத்திகையும் தேவையில்லை. இதில் வரும் தவறு பெரும்பாலும் நேரம் சம்பந்தமானது: நீண்ட சுரம் தொடங்கிய உடனே சொல்ல வேண்டும். முடியும்வரை காத்திருந்தால் முன்வரிசை மட்டும் புதிய சரணத்துக்குப் போகும், பின்வரிசை பழையதையே திரும்பப் பாடும். அந்த நீண்ட சுரத்தில் பாடகர் பிர்கா போட்டுக்கொண்டிருந்தால் முன்சொல்லவே வழியில்லை.

கிட்டாரைக் கீழே வை

ஹார்ட்டன் 1956-இல் இறந்தபின் ஹைலேண்டரின் இசைப் பொறுப்பு 1959-இல் கை காரவனுக்கு வந்தது. ஹாமில்டனிடம் இந்தப் பாட்டைக் கற்ற வெள்ளையின இளைஞர் அவர். 1960 ஏப்ரலில் வட கரோலினாவின் ராலியில், ஷா பல்கலைக்கழகத்தில், மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு உருவான கூட்டத்தில் அவர் இதை எடுத்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். வலக்கையை இடக்கைமேல் குறுக்காகப் போட்டுப் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.

அதற்குமுன் நடந்தவற்றைப் பற்றிக் காரவன் சொன்னது இந்த ஆய்வின் நடுநாயகம். வாத்தியம் இல்லாமல் பாடிப் பழகிய கறுப்பின மாணவப் பாடகர்கள் ஒரு கட்டத்தில் அவரிடம், கிட்டாரைக் கீழே வை, நாங்கள் இதைவிட நன்றாகப் பாடுவோம் என்றார்களாம். அவர் வைத்துவிட்டார். அவர்கள் அடிக்கு மூன்றாகப் பிரியும் நடையைப் போட்டு, பல குரலில், வாத்தியமின்றிப் பாடினார்கள். அந்த மூன்றைக் கொண்டுவந்தது ஹாமில்டனும் காரவனும் என்பது சீகரின் கூற்று. யார் செய்திருந்தாலும், தேவாலயத்தின் மெதுவான அசைவும் சீகரின் நிலையான தாளமும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன.

நம் கணக்கில் அது நான்கு அடி, திஸ்ர நடை. இந்த நடை ஏன் பெருங்கூட்டத்தில் நிற்கிறது என்பதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 100 மீட்டர் நீளமுள்ள ஊர்வலத்தில் முன்னால் பாடுவது பின்னால் போய்ச் சேர 0.3 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில், அடிக்கு மூன்றாகப் பிரித்தால் ஒரு பிரிவு 0.33 விநாடி. அதாவது பின்னால் இருப்பவர் ஒரு பிரிவு தள்ளிப் பாடுகிறார். காதுக்கு அது எதிரொலிபோலத் தாளத்துக்குள்ளேயே விழுகிறது. நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்தால் அதே 0.3 விநாடி அரை அடிக்கு மேல் போய்விடும். முன்னும் பின்னும் மோதும். வேகமான முழக்கப் பாட்டுகள் சிறு கூட்டத்தில் தீயாக எரிந்து, நீண்ட ஊர்வலத்தில் கலைந்துபோவது இதனால்தான்.

செய்யவேண்டியது: வேகத்தை 60-க்கும் 76-க்கும் இடையில் வைப்பது. அதற்குக் கீழே போனால் பயிற்சியில்லாதவர்களுக்கு மூன்றாம் வரியில் மூச்சு முறியும். ஊர்வலம் நீளமென்றால் 25 மீட்டருக்கு ஒருவராகத் தலைவர்களை நிறுத்தி, காதால் கேட்காமல் முன்னால் இருப்பவரின் கையசைவைப் பார்த்துத் தொடங்கச் சொல்வது. ஊர்வலத்தின் இரு முனையிலும் ஒலிபெருக்கி வைத்து ஒரே மைக்கை அனுப்பினால் நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டு பாட்டு கேட்கும். பின் ஒலிபெருக்கிக்குத் தாமதம் கொடுத்தே ஆகவேண்டும், 30 மீட்டருக்குச் சுமார் 88 மில்லிவிநாடி.

கைகோப்பும் அலங்காரமல்ல. இரு கையும் பிடிபட்டுவிட்டால் யாராலும் கைதட்ட முடியாது. கைதட்டல் இருந்தால் எந்தக் கூட்டமும் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். கையைக் கோத்து உடம்பை ஆட்டும்போது வேகத்தை நிர்ணயிப்பது உடலின் எடை. ராலியில் இசைத்தட்டு கேட்டு யாரும் இதைக் கற்கவில்லை. அங்கிருந்து கல்லூரிகளுக்குத் திரும்பிய மாணவர்கள் உடம்பில் ஏற்றிக்கொண்டுபோனார்கள்.

மேடை, இசைத்தட்டு, அதன் விலை

1961-62-இல் ஜார்ஜியாவின் ஆல்பனி போராட்டத்தில் பாட்டு மறுபடி தேவாலயக் கூட்டத்தின் கைக்குப் போயிற்று. அங்கிருந்து எழுந்ததுதான் ஃப்ரீடம் சிங்கர்ஸ் குழு: கார்டெல் ரீகன், பெர்னிஸ் ஜான்சன், ருத்தா ஹாரிஸ், சார்ல்ஸ் நெப்லெட். நால்வர், வாத்தியமில்லை. ஊர் ஊராகப் போய்ப் போராட்டத்துக்கு நிதி திரட்டினார்கள். 1963 ஜூன் 8 அன்று கார்னகி ஹாலில் சீகர் பாடியது இசைத்தட்டாக வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் திரண்ட ஏறத்தாழ 2,50,000 பேருக்கு முன்னால் நாட்டார் பாடகி ஜோன் பயஸ் பாடினார். அவர் குரலில் பரவிய பதிவு அலபாமாவின் பர்மிங்ஹாமில், மைல்ஸ் கல்லூரியில் எடுத்தது.

பெயர்பெற்ற இந்தப் பதிவுகள் நேரடிப் பதிவுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டூடியோவில் பாடினால் பாட்டின் பாதி காணாமல்போகும், ஏனென்றால் மறுபாதி எதிரில் இருப்பவர்களின் குரல். இன்று இப்படிப் பதிவு செய்ய விரும்புகிறவர்கள் குறைந்தது இரண்டு மைக்கைப் பார்வையாளர் பக்கம் திருப்பித் தனித்தடத்தில் எடுக்க வேண்டும். மைக் மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால் மேடைக் குரல் அங்கே 44 மில்லிவிநாடி தாமதமாகப் பதிவாகியிருக்கும். கலக்கும்போது நகர்த்திப் பொருத்தாவிட்டால் குரல் இரட்டிப்பாகக் கேட்கும். கூட்டத்தின் குரலைப் பின்னணிபோலக் குறைத்து வைப்பதும் தவறு. சமமாக வைத்தால்தான் வீட்டில் கேட்பவரும் வாயைத் திறப்பார்.

பரவியதற்கு விலையும் இருந்தது. ஃப்ரீடம் சிங்கர்ஸில் பாடி, பின்னாளில் இசை வரலாற்றாளரான பெர்னிஸ் ஜான்சன் ரீகன் அதை நேராகச் சொன்னார். கறுப்பினச் சமூகத்தில் எல்லோரையும் குறிக்க வேண்டுமென்றால் 'நான்' என்றுதான் பாடுவார்கள். 'நாம்' என்றால் யார் வருவார், யார் வரமாட்டார் என்று தெரியாது; 'நான்' என்று ஒவ்வொருவரும் சொன்னால் ஒவ்வொருவரும் பொறுப்பேற்கிறார்கள். வெள்ளையர் மிகுந்த இடதுசாரி வட்டங்களுக்கு 'நாம்' இயல்பாக இருந்தது. கூட்டணிக்காக அந்த மாற்றத்தை ஏற்றோம் என்பது அவர் கருத்து. 1909 கடிதத்தில் 'நாம்' ஏற்கெனவே இருப்பதால் இது முழுக்க வெளியார் செய்த மாற்றம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவர் சொல்வதில் இருக்கும் இழப்பு உண்மையானது. ஒரு பாட்டை எடுத்துத் திருத்துகிறவர், அந்தச் சமூகத்தில் ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்று பாடியவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.

1964 ஏப்ரலில் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், பாடுவதை நிறுத்தும் நேரம் வந்துவிட்டது என்றார். 1965 மார்ச் 15 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் பேசும்போது பாட்டின் தலைப்பையே சொன்னார். எதிர்த்துப் பாடிய பாட்டை அதிகாரத்தின் வாய் சொல்லும்போது இயக்கத்துக்கு அது வெற்றியும்தான், சங்கடமும்தான். அடுத்த ஓரிரு ஆண்டில் இளைஞர்களில் பலர் வேறு முழக்கங்களுக்குப் போய்விட்டார்கள்.

பெயரும் பணமும்

1960-இலும் 1963-இலும் பாட்டுக்குப் பதிப்புரிமை பதிவாயிற்று. பெயர்கள் நான்கு: ஜில்ஃபியா ஹார்ட்டன், ஃபிராங்க் ஹாமில்டன், கை காரவன், பீட் சீகர். நால்வரும் வெள்ளையர். வணிகர் யாராவது இதைக் காதல் பாட்டாக்கி விற்றுவிடக் கூடாது என்ற அச்சம் சீகர் சொன்ன காரணம். ராயல்டியை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஹைலேண்டர் வழியாக இயங்கும் 'வீ ஷல் ஓவர்கம் நிதி'க்கு எழுதிவைத்தார்கள். தெற்கில் கறுப்பினச் சமூகங்களின் பண்பாட்டுப் பணிக்கு அது போயிற்று. பணத்தில் நேர்மை இருந்தது. ஆனால் லூசில் சிம்மன்ஸின் பெயர் பதிவில் இல்லை, ஜமிலா ஜோன்ஸின் பெயரும் இல்லை. நிதியை நேர்மையாகக் கையாள்வது பெயரை விட்டதற்கு ஈடாகாது. பிற்காலத்தில் வேறு உரிமைக் கோரிக்கைகள் எழ இந்த வெற்றிடமும் இடம்கொடுத்தது.

2016-இல் இந்தப் பதிப்புரிமையை எதிர்த்து வழக்கு வந்தது. 2017 செப்டம்பரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி டெனிஸ் கோட், முதல் சரணத்துக்கு உரிமை கோர முடியாது என்று தீர்ப்பளித்தார். ஒப்பிட எடுத்துக்கொண்டது 1948 சிற்றிதழில் அச்சான வடிவம். 'வில்' 'ஷல்' ஆனதும், 'டவுன் இன் மை ஹார்ட்' 'டீப் இன் மை ஹார்ட்' ஆனதும் தனிப் படைப்பு என்று சொல்லப் போதுமானவை அல்ல என்பது முடிவு. 2018 ஜனவரியில் சமரசம். பாட்டு பொதுவுடைமை ஆயிற்று. பாடும்போது பெரிய வித்தியாசம் செய்த 'ஷல்', சட்டத்தின் தராசில் எடையற்றுப் போனது.

பாட்டைத் திருத்தும் குழுக்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை எளிது. யாரிடம் கேட்டது, எந்த ஊர், எந்தத் தேதி, அவர்கள் பாடிய வடிவம் எது, நாம் மாற்றியது எது என்று முதல் நாளே எழுதி ஒலிப்பதிவோடு வைத்துக்கொள்வது. பதிவு செய்யும்போது மூலத்தைப் பாடியவரின் பெயரை முதலில் போடுவது. வருவாய்ப் பங்கை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வைப்பது.

நம் பக்கத்து வடிவங்கள்

இந்தியில் கிரிஜா குமார் மாத்தூர் செய்த வடிவத்தைப் பள்ளியில் பாடாதவர்கள் குறைவு. ஹம்-ஹோங்-கே-காம்-யாப்: ஐந்து அசை, கடைசி அசையில் நீண்ட ஆ. 'சம் டே' இருந்த இடத்தில் 'ஏக் தின்'. வங்காளத்தில் ஹேமாங்க பிஸ்வாஸின் வடிவமும் அப்படியே: ஆம்-ரா-கொர்-போ-ஜொய். ஐந்து அசை அளவை மதித்ததால் இரண்டும் வாயில் ஒட்டின. ஆனால் இந்தி வடிவம் பள்ளிக் காலை வணக்கத்தில் குடியேறியபின் யாரை வெல்லப்போகிறோம் என்ற கேள்வி அதிலிருந்து போய்விட்டது. மறியலில் சொந்தக் கோரிக்கையைச் செருக இருந்த இடம் நிலையான சரணங்களால் நிரம்பியதும் அதற்கு ஒரு காரணம். ஒரு சரணத்தையாவது அந்தந்தக் கூட்டம் நிரப்பிக்கொள்ளக் காலியாக விடுவது திருத்துபவரின் வேலையில் சேர்ந்தது.

தமிழில் செய்ய முயல்பவர்களுக்கு அளவு தெரிந்திருக்கிறது. 'நாம் வெல்வோம்' மூன்றே அசை, இழுத்தால் சவசவக்கும். வென்-று-காட்-டு-வோம் ஐந்து அசை. கனமான அடிகளில் வென், காட், வோம் விழுகின்றன, நீண்ட சுரத்தில் ஓகாரம் நிற்கிறது. இதுபோல அளவு பார்த்துத்தான் மற்ற சரணங்களையும் கட்ட வேண்டும்.

உரிமை பற்றிய கடைசிக் கணக்கு: மூல மெட்டையும் ஆங்கில வரிகளையும் இப்போது யாரும் பயன்படுத்தலாம். ஒலிப்பதிவுகளுக்கும் புதிய வாத்திய ஏற்பாடுகளுக்கும் தனி உரிமை இருக்கிறது; ஒரு பதிவின் துண்டை எடுத்துக் கலக்கினால் அனுமதி வேண்டும். மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை. மாத்தூர் 1994-இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள், ஆக அவர் வரிகளுக்கு 2054 முடியும்வரை அனுமதி கேட்க வேண்டும்.